ஏழாம் நம்பர் மலைக்கு வந்த கடல்

நரிக்கல் தோட்டத்து ஏழாம் நம்பர் மலைக்குக் கடல் முதன்முதலாக வந்தது, மூன்று வருஷங்களுக்கு முன்னால், தைப்பூசத்துக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு. நோட்டன் பிரிட்ஜ் பக்கத்திலிருந்து ஏறிவரும் பனிமூட்டம் வழக்கமாகப் பத்து மணிக்குள் கலைந்துவிடும். அன்று அது கலையவில்லை. கனத்தது, தாழ்ந்தது, தேயிலையின் மூன்றாவது நிரையில் அலையாக வந்து அடித்தது. சோலைமலைக் கங்காணி விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து, உப்புத்தான் என்றார். பிறகு ஆள்களை எண்ணி வேலைக்குப் பிரிக்கத் தொடங்கினார், ஏனென்றால் பெரட்டுக்கு நேரமாகிவிட்டது. மத்தியானத்துக்குள் கடல் பள்ளத்து ஆறு வரைக்கும் இறங்கிப் போனது. மறுநாளும் வந்தது. சித்திரை வருஷப்பிறப்பு வரை வந்து போய்க்கொண்டிருந்தது, அதன்பின் அடுத்த தை வரை எட்டிப் பார்க்கவில்லை. தேயிலைச் செடி ஒன்றுகூடப் பட்டுப்போகவில்லை. அந்த மலைக் கொழுந்து மட்டும் கொஞ்சம் உப்புக் கரித்தது, அதையும் டீமேக்கர் மற்ற மலைகளின் கொழுந்தோடு கலந்து சரிக்கட்டிவிட்டார். காலில் ஏறும் அட்டைகள் அடியோடு ஒழிந்துபோனதால் பெண்களுக்குக் கடலின் மேல் பெரிய குறையொன்றும் இருக்கவில்லை.

குறை பூரணிக்கு மட்டும்தான் இருந்தது. பூரணிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. கீழ் டிவிசனில் ஒரே கூரையின் கீழ் அறையறையாக நீளும் லயத்தில் ஐந்தாம் காம்பராவில் பிறந்து, அதே லயத்தில் ஒன்பதாம் காம்பராவுக்கு வாழ்க்கைப்பட்டவள். கல்யாண ஊர்வலம் நாற்பது அடி தூரம் போனது என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த ஒரு காம்பராவுக்குள் அவளும் புருஷன் அழகுமுத்துவும், வயசுக்கு வந்த இரண்டு பெண் பிள்ளைகளும், இருமிக்கொண்டே இருக்கும் மாமனாரும் ஒரு சேலையைத் தொங்கவிட்டுக் குறுக்கே மறைத்துக்கொண்டு குடியிருந்தார்கள். கடல் வருவதற்கு முந்தின வருஷம்தான் அவள் பெயருக்கு ஏழு பேர்ச் அளவில் வீடு கட்டக் காணி என்று ஒரு கடிதம் வந்தது. ஏழாம் நம்பர் மலையின் கீழ் மூலை, பதினாலாம் துண்டு. நாலு மூலைக்கும் நாலு கட்டை அடித்துக் கொடுத்தார்கள். பூரணி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போய் அந்த வெறுங்காணியைக் கூட்டிவிட்டு வருவாள். வீடே இல்லாத வாசலைக் கூட்டுகிறாளே என்று லயம் முழுக்க வாய்க்கு வந்தபடி பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அவள் கூட்டிக்கொண்டே இருந்தாள். கடல் வந்த அன்று அந்த நாலு கட்டையும் தண்ணீருக்குள் போயின.

ஹட்டனில் இருந்த காணிக் காரியாலயம் ஒரு மாசம் யோசித்தது. கடலுக்குள் இருக்கும் நிலத்தை வீடு கட்டக் கொடுக்க முடியாது, அங்கே காணி கிடைத்த பதினாலு பேருக்கும் பிறகு வேறு இடம் தரப்படும் என்று கடிதம் அனுப்பியது. பதின்மூன்று பேர் கையெழுத்து வைத்தார்கள். பூரணி பேனாவைத் தொடவில்லை.

“எல்லாரும் வச்சிட்டாங்க, நீ மட்டும் ஏன் புள்ள முறுக்கிக்கிட்டு நிக்கிற?” என்றான் அழகுமுத்து.

“பொறகு தாரோம்னு எங்கப்பாவுக்குச் சொன்னாங்க. அவங்கப்பாவுக்கும் அதையேதான் சொன்னாங்க. எனக்கு இந்த நாலு கட்டைக்குள்ள இருக்கிறதுதாங்க வேணும்.”

காரியாலயத்தில் நிரஞ்சன் என்றொரு உத்தியோகத்தர் இருந்தான். முப்பது வயது, நேர்மையானவன், அதனாலேயே எல்லோருக்கும் தொல்லையானவன். தன் கண்ணால் பார்க்காத எதையும் எழுதமாட்டான், பார்த்த எதையும் எழுதாமல் விடமாட்டான். பூரணி ஏழு தடவை பஸ் ஏறிப் போய் அவன் மேசைக்கு முன்னால் நின்ற பிறகு, அவன் சுற்றறிக்கைகளையெல்லாம் புரட்டி ஒரு வழி சொன்னான்.

“கடலோரக் காணி கடல் தொழில் செய்றவங்களுக்கு மட்டுந்தான் குடுக்கலாம் அக்கா. நீங்க மீன் புடிக்கிறத நான் வந்து பாத்து எழுதணும். அப்பதான் மேல அனுப்ப ஏலும்.”

“மீன்தானே சார்,” என்றாள் பூரணி. “புடிச்சிட்டாப் போச்சு.”

அதுவரைக்கும் அவளுக்குத் தெரிந்த மீனெல்லாம் கருவாடும் டின்மீனும்தான்.

முதல் வருஷம் மீன்பிடித்தது அவளல்ல, தோட்டம். தோட்டத்து மலையில் வந்த கடல் தோட்டத்துக்குத்தான் சொந்தம் என்று துரை முடிவு செய்தார். முடிவு செய்ததோடு நில்லாமல், தோட்டத்துக்குத் தெரிந்த ஒரே முறைப்படி அந்த வேலையை நடத்தவும் செய்தார். ஏழு மணிக்குச் சங்கு. பெரட்டு. ஆளுக்கு ஒரு நிரை. இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, கீழேயிருந்து மேலாக நிரை பிடித்து வரவேண்டும். அடுத்தவள் நிரைக்குள் கால் வைக்கக்கூடாது. மீன் பக்கத்து நிரைக்கு நீந்திப்போனால் அது பக்கத்து நிரைக்காரியின் மீன். பன்னிரண்டரைக்குத் தராசு. முதல் இரண்டு நாள் ஏதோ கொஞ்சம் அகப்பட்டது. மூன்றாம் நாள் சங்கு ஊதியபோது கடல் பாதி வழியில் இருந்தது. ஒரு வாரம் கழித்து ஏழு மணிக்குப் போனால் வெறும் ஈரத்தரையும் நண்டு வளைகளும்தான். பெண்கள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து தலை பார்த்துக்கொண்டார்கள். கடல் ஒரு மணிக்கு வந்தது, அதாவது தராசைக் கட்டி எடுத்துப் போன பிறகு. முப்பது வருஷம் ஆள் மேய்த்த சோலைமலைக் கங்காணிக்கு அது பொறுக்கவில்லை. பெயர்ப் புத்தகத்தில் கடலுக்கென்று ஒரு வரி எழுதி, அதற்கு அரைநாள் கூலிக்கான அரைப் பெயர் போட்டார். ஆறு நாள் தொடர்ந்து அரைப் பெயர் வாங்கிய கடல், எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போலத் தன் பாட்டுக்கு இருந்தது. பங்குனியில் நிரஞ்சன் வந்து பார்த்தபோது பூரணி வெறுங்கூடையோடு ஈரத்தில் நின்றாள். பார்த்ததை எழுதிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு அவள் அழுதாள். லயத்துக்கு வந்து அழவில்லை, பதினாலாம் துண்டில் நின்று அழுதாள்.

அடுத்த தையில் தோட்டம் கடலைக் கைவிட்டது. துரைக்கு அலுத்துவிட்டது. பூரணி மட்டும் விடவில்லை, அவள் பிடித்தால் உடும்புப்பிடி. அன்றாடம் கடல் மூன்றாவது நிரையைத் தொடும் நேரத்தை மூத்த மகள் நிலக்ஷியின் போனில் பார்த்து, லயத்துச் சுவரில் கரியால் எழுதினாள். பத்து நாள் எழுதியதும் அவளுக்கே சிரிப்பு வந்தது. கடல் நேரம் தவறி வரவே இல்லை. நாளுக்கு முக்கால் மணித்தியாலமும் கொஞ்சமும் பிந்துகிறது, அவ்வளவுதான். நிலாவும் அப்படித்தானே பிந்தி எழும்புகிறது. அமாவாசையும் பூரணையும் பார்த்து விரதம் பிடிக்கிற ஒரு டிவிசனில் இது ஒருவருக்கும் உறைக்காமல் போனதற்கு அந்தச் சங்குதான் காரணம்.

நேரம் தெரிந்தால் மட்டும் மீன் வந்துவிடாது. ஹட்டனிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்க வரும் ஜூட்டிடம் தூண்டிலும் தங்கூசி நூலும் கேட்டாள். “என் யாவாரத்துல மண்ணப் போட என்கிட்டயே சாமான் கேக்குறீங்களே அக்கா,” என்றான் அவன். ஆனாலும் கொண்டுவந்து கொடுத்தான், அவள் பிடித்ததற்கெல்லாம் பெயரும் சொன்னான். மற்றதெல்லாம் அவளே பார்த்துத் தெரிந்துகொண்டதுதான். இருபத்தைந்து வருஷம் கொழுந்து பறித்தவளின் கண் அது. நூறு செடிக்கு அப்பால் எது துளிர்விட்டிருக்கிறது என்று பச்சையின் சாயலை வைத்தே சொல்லும் கண், தண்ணீரின் சாயலையும் பிடித்துக்கொண்டது. தை கடைசியில் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். மீன்கள் பள்ளத்து ஆழத்தில் விறைத்துக் கிடக்கும், காலையில் புழு கோத்துப் போட்டால் முகர்ந்துகூடப் பார்க்காது. வெயில் ஏறி, செடிக்கடியிலுள்ள கறுப்பு மண் சுட்டு, மேட்டுத் தண்ணீர் வெதுவெதுப்பான பிறகுதான் மணலை மீன்கள் செடிகளுக்கு நடுவே ஒதுங்கும். மாசியில் வாடைக்காற்று கரையைக் கலக்கிச் சேறாக்கிவிடும். அப்போது ஓடை வந்து விழும் மூலையில்தான் நிற்கவேண்டும். பங்குனி பிறந்ததும் காற்று விழுந்துவிடும், தண்ணீர் கண்ணாடியாகத் தெளியும். அதுவும் ஆபத்துத்தான், மீனுக்கு ஆளின் நிழல் தெரியும். பூரணி பச்சைச் சேலையை உடுத்திக்கொண்டு ஒரு தேயிலைச் செடிக்குப் பின்னால் குந்தினாள். கீரி மீன்கள் கூட்டம் கூட்டமாகக் கரையேறி வர, அவற்றைத் துரத்திக்கொண்டு பாரை வந்தது. கடல் ஏறிக்கொண்டிருக்கும்போது போட்டால் பிடிக்கும், இறங்கும்போது போட்டால் கை வலிதான் மிச்சம். அந்த வருஷம் ஒன்பதாம் காம்பராவில் ஞாயிற்றுக்கிழமை தோறும் மீன் குழம்பு கொதித்தது. ஆனால் அந்தப் பங்குனி முழுக்க நிரஞ்சனைக் காரியாலயம் வேறு ஊர் வேலைக்கு அனுப்பியிருந்ததால் அவன் வரவில்லை. பூரணி அந்த மழைக்காலம் முழுக்க நாளுக்கு ஒரு கல்லாகச் சுமந்து, பதினாலாம் துண்டில் அலைக்கு எட்டாத உயரத்துக்கு அத்திவாரம் போட்டு முடித்தாள். அது உத்தரவில்லாத வேலை என்று அவளுக்குத் தெரியும்.

மூன்றாம் வருஷம் கடிதம் வந்தது. பங்குனியில் ஒரு புதன்கிழமை, காலை பத்து மணிக்குப் பரிசோதனை, இதுவே கடைசி. பூரணி சுவரைப் பார்த்துக் கணக்குப் போட்டாள். அன்றைக்குக் கடல் மூன்று மணி பத்து நிமிஷத்துக்குத்தான் வரும். ஹட்டனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். காரியாலய வாகனம் இரண்டு மணிக்குத் திரும்பியாக வேண்டும், நேரத்தை மாற்ற ஏலாது என்று பதில் வந்தது.

அன்று பத்து மணிக்கு நிரஞ்சன் வந்தபோது ஏழாம் நம்பர் மலை காய்ந்து கிடந்தது. கடல் தூரத்துப் பள்ளத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அழகுமுத்து கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பூரணி நிரஞ்சனை அத்திவாரக் கல்லில் உட்காரவைத்து, இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்டீயும் சீனியும் கொடுத்தாள். அவன் கோப்பையை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தான்.

“மீன் புடிக்கிறத நான் பாக்கல அக்கா. பாக்காதத எழுத முடியாது,” என்றான் தாழ்ந்த குரலில்.

“சரிங்க சார். பாத்தத மட்டும் எழுதுங்க. இப்ப நீங்க குந்தியிருக்கிறது தரையா கடலா?”

நிரஞ்சன் குனிந்து பார்த்தான். நாலு கட்டையும் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன.

“தரைதான்.”

“அப்ப தரைன்னே எழுதுங்க. தரையில வீட்டுக்குக் காணி குடுக்கிறதுக்கு மீன் என்னத்துக்கு? இல்ல, கடலுன்னுதான் எழுதுவேன்னா, அது வரும் வரைக்கும் இருந்து கண்ணால பாத்துட்டு எழுதுங்க. மூணு பத்துக்கு வரும். அது வந்தா நான் மீன் புடிப்பேன், அதையும் பாப்பீங்க.”

நிரஞ்சன் பேனாவை மூடிவிட்டுப் பள்ளத்துப் பக்கம் பார்த்தான். தரை என்று எழுதிவிட்டு எழுந்து போயிருக்கலாம், அவளும் அதற்குச் சம்மதம்தான். ஆனால் பள்ளத்தில் தெரிந்த வெள்ளைக் கோட்டையும் அவன் பார்த்துவிட்டான், பார்த்ததை எழுதாமல் விடுவது அவனுக்கு ஆகாத காரியம். வாகனத்தைத் திருப்பி அனுப்பினான். சாரதி முணுமுணுத்துக்கொண்டே போனான். மத்தியானம் பூரணி கொடுத்த ரொட்டியையும் கட்டச்சம்பலையும் தின்றுவிட்டு, அழகுமுத்துவோடு தேயிலை நிழலில் உட்கார்ந்திருந்தான்.

மூன்று மணி பத்து நிமிஷத்துக்குக் கடல் வந்தது. முதலில் நண்டுகள் வளைக்குள் ஓடின, பிறகு மண் கறுத்தது, பிறகு தண்ணீர் அத்திவாரத்தின் முதல் கல்லைத் தொட்டது. நிரஞ்சன் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். பூரணி செடிக்குப் பின்னால் குந்தி நூலை எறிந்தாள். மூன்றாம் எறிதலில் பாரை இழுத்தது. தங்கூசி உள்ளங்கையை அறுத்தும் விடவில்லை. இழுத்து, தளர்த்தி, மறுபடி இழுத்து, கடைசியில் அதைக் கொண்டுவந்து பதினாலாம் துண்டின் நடுவில், நாளைக்கு அடுப்படி வரவேண்டிய இடத்தில் போட்டாள். அவளுடைய கை நீளத்துக்கு இருந்தது. நிரஞ்சன் இரண்டையும் எழுதினான். பத்து மணிக்குத் தரை, மூன்று பத்துக்குக் கடல், அதில் ஒரு பாரை, பிடித்தவர் பூரணி. கீழே கையெழுத்து வைத்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு நடந்தே நோட்டன் பிரிட்ஜுக்கு இறங்கிப் போனான்.

அந்தக் குறிப்புக்கு என்ன பதில் எழுதுவதென்று காரியாலயத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. தரையென்றாலும் கடலென்றாலும் காணி அவளுக்குத்தான் என்று ஆகிவிட்டதால் மறுக்கவும் முடியவில்லை. ஆடியில் காணி உறுதிப் பத்திரம் வந்தது. வடக்கே தோட்டத்துத் தேயிலை, கிழக்கே வண்டிப்பாதை, தெற்கே ஓடை, மேற்கே கடல், தை முதல் பங்குனி ஈறாக என்று நான்கெல்லை சொல்லியிருந்தது. நிலக்ஷி அதை வாசிக்க வாசிக்க மாமனார் இருமலை அடக்கிக்கொண்டு கேட்டார். உரிமையாளர் பெயர் வந்த இடத்தைப் பூரணி இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். கையெழுத்து வைத்துவிட்ட பதின்மூன்று பேரும் அடுத்த பஸ்ஸிலேயே ஹட்டனுக்குப் போனார்கள். அவர்களுக்கு நேரம் சொல்ல இப்போது ஒரு சுவர் இருக்கிறது.

வீடு மார்கழியில் எழும்பியது. இரண்டு அறை, ஒரு அடுப்படி, பெண்பிள்ளைகளுக்குத் தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவு. தைப்பூசத்துக்கு மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடல் ஏறி வந்தபோது பூரணி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, கொஞ்சம் பொறு, முடிச்சிர்றேன் என்றாள். அவள் குப்பையை அள்ளிப் போட்டுவிட்டு உள்ளே போகும் வரைக்கும் அது மூன்றாவது நிரையிலேயே நின்றது.