இஸ்திரிக்குக் கீழே இருந்த பெட்டி

இஸ்திரி போடுவதில் காலரை முடித்து இடது கைக்கு வந்திருந்தாள். தம்பியின் நீலச் சட்டை. பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் உடலைக் கொடுப்பார்கள், அதற்குள் சட்டை அங்கே போய்ச் சேர வேண்டும். முப்பது வருஷமாக ஊருக்கெல்லாம் தைக்கிறவளின் தம்பி கசங்கிய சட்டையோடு போனான் என்று ஒருத்தர் வாயில் வந்துவிடக் கூடாது.

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கிற வேலை அவனுக்கு. அதனால் எல்லாருக்கும் அவன் மீட்டர்தான். நேற்று ஒரு மாடிப்படியில் எண்ணைக் குறித்துவிட்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. எண்ணைச் சரியாகத்தான் குறித்திருந்தான் என்று மேலதிகாரி போனில் சொன்னார். சரி என்று போனை வைத்துவிட்டாள்.

கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தவர் சலூன்காரர். அவர் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறையில்தான் தம்பி குடியிருந்தான்.

“அக்கா, ஒண்ணு கேக்கணும். புதைக்கிறதுக்கு முன்னாடி மீட்டருக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணைப் போடலாம்னு நாங்க நாலு பேரு பேசி வெச்சிருக்கோம். எந்தப் பாட்டுன்னு நீங்கதான் சொல்லணும்.”

“எனக்கு எப்படித் தெரியும்? உங்க மாடியிலதானே இருந்தான்.”

“மேல என்ன இருக்கு? ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு பலகை நிறையப் புஸ்தகம். ரெக்கார்டு பிளேயரைத்தான் உங்களுக்குக் குடுத்துட்டாரே. ‘அக்கா வீட்டுல பாட்டு கேக்கப் போறேன்’னு சொல்லிட்டுத்தான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கிளம்புவாரு. ஏழு வருஷமா.”

அவள் கையிலிருந்த இஸ்திரி சட்டைக்கு மேலேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தான், அது உண்மை. பழைய பேப்பர் கடையில் கிளறி எடுத்த புத்தகமோ இசைத்தட்டோ கையில் இருக்கும். அவன் அறையில் புதுசு ஒன்று நுழைந்தால் பழசு ஒன்று வெளியேற வேண்டும், அது அவன் போட்டுக்கொண்ட சட்டம். யாருக்கு எது பொருந்தும் என்று பார்த்துக் கொடுத்துவிடுவான். இவளுக்கு நீட்டினால், “ஊர்க் குப்பையை இங்க கொட்டாதே” என்பாள், தலையை நிமிர்த்தாமல். தையல் மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். டீயைக் குடித்துவிட்டுக் கால்மணி நேரத்தில் போய்விடுவான்.

“நான் என்ன படிக்கிற ஆளா?” என்றார் சலூன்காரர். “எனக்கும் ஒரு புஸ்தகம் குடுத்தாரு. உள்ள சீட்டு. ‘முப்பத்தொண்ணாம் பக்கத்துலேர்ந்து படி, அதுக்கு முன்னாடி எல்லாம் சும்மா அளப்பு.’ சரி பாப்போமேன்னு எடுத்தேன். அன்னிக்கு ஒரு ஆளு பாதி ஷேவிங்கோட அரைமணி நேரம் உக்காந்திருந்தாரு.”

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இஸ்திரியை வைக்கத் திரும்பினாள். கை தன் வழக்கப்படி ஜன்னலோரத்து அட்டைப்பெட்டிக்குப் போயிற்று.

ஏழு வருஷத்துக்கு முன் மூச்சு வாங்க அவன் தூக்கி வந்து இறக்கிய பெட்டி. “வேலை இல்லாதப்ப பிரிச்சுப் பாருக்கா” என்றான். வேலை இல்லாத நாள் அவளுக்கு ஏது? இதுவும் புத்தகச் சுமைதான் என்று விட்டுவிட்டாள். உயரம் தோதாக இருந்ததால் இஸ்திரி அதன்மேல் ஏறிக்கொண்டது. இரண்டு மூன்று வாரம் அவன் அதைப் பார்த்துக்கொண்டே டீ குடித்தான். அடுத்த வாரம் அளவாக வெட்டிய தகரம் ஒன்றைக் கொண்டுவந்து பெட்டிமேல் வைத்தான். “அட்டை கருகுதுக்கா.” அவ்வளவுதான் சொன்னான். உருப்படியாக ஒரு காரியம் செய்தாய் என்று அவள் பாராட்டியதுகூட நினைவிருந்தது.

“அடப்பாவி” என்றாள்.

இஸ்திரியைத் தரையில் வைத்தாள். தகரத்தை எடுத்துவிட்டுத் தையல் கத்தரியால் பெட்டியின் ஒட்டுத்தாளைக் கீறினாள். பிளேயர் இருந்தது. அதன் மேல் ஒரே ஒரு இசைத்தட்டு. உறைக்குள் சீட்டு.

‘ரெண்டாம் பக்கம், மூணாவது பாட்டு. மிஷினை நிறுத்திட்டுக் கேளு.’

அழுகைக்கு முன்னால் அவளுக்கு வெட்கம் வந்தது. ஒரு வெளியாள் எதிரில், இத்தனை வயதில், முகம் சுடுகிற மாதிரி வெட்கம்.

வீட்டில் இருந்த பிளக் பாயின்ட் ஒன்றுதான். இஸ்திரியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பிளேயரைச் சொருகினாள். தட்டு முதலில் முனகியது, பிறகு சுற்றியது. மூன்றாவது பாட்டைத் தேடி முள்ளை வைத்தவர் சலூன்காரர்தான், அவள் கைக்கு அது வரவில்லை. ஒரு பெண் குரல். பின்னால் ஒரே ஒரு வயலின்.

அவள் மிஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். உட்கார வேறு இடமும் இல்லை. கால்கள் பழக்கத்தில் மிதிமேல் ஏறியிருந்தன. பார்த்துவிட்டு ஒவ்வொன்றாகத் தரையில் இறக்கினாள்.

“அப்போ இந்தப் பாட்டுதானேக்கா?” என்றார் அவர் மெதுவாக. “மணி பத்தே கால் ஆச்சு.”

“முடியட்டும்” என்றாள்.

மேஜைமேல் நீலச் சட்டையின் வலது கை கசங்கியபடியே கிடந்தது. தரையில் இஸ்திரி ஆறிக்கொண்டிருந்தது.