எந்த ஊர் என்று கேட்டால்

இந்த வேலையில் என்னைக் களைக்க வைப்பது பிள்ளைகள் இல்லை, மேலிடத்திலிருந்து வரும் நல்ல யோசனைகள். இந்த மாதத்து யோசனைக்குப் பெயர் வகுப்புப் பரிமாற்றம். மலைமேல் சாந்தன்பாறையில் எங்கள் நாலாம் வகுப்பும், பாலக்காட்டு எல்லையில் வேலந்தாவளத்து நாலாம் வகுப்பும் வீடியோவில் உட்கார்ந்து, அவரவர் ஊரை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். அடுத்த மாதம் அந்தப் பிள்ளைகள் பஸ் பிடித்து இங்கே வருவார்களாம். கரண்ட் இருந்தால் நெட் இல்லை, நெட் இருந்தால் கரண்ட் இல்லை. இதை நடத்த ஞானஜோதி டீச்சரை விட்டால் வேறு ஆள் கிடைக்கவில்லை. அந்தப் பாவி நான்தான்.

இதில் பெரிய தலைவலி என் பிள்ளைகளின் ஊர். ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் யாரைப் பிடித்து எந்த ஊர் என்று கேட்டாலும், தாத்தா விட்டுவந்த ஊரைத்தான் சொல்வார்கள். பிறந்தது இங்கே, கட்டிக்கொடுப்பது இங்கே, புதைப்பதும் இங்கே. ஊர் மட்டும் சங்கரன்கோயில், போடி, கோவில்பட்டி. ஒரு வாரம் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தேன்.

"எந்த ஊருன்னு கேட்டா சாந்தன்பாறைன்னு சொல்லணும். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு டீச்சர்!" என்று கூரை பறக்கக் கத்தினார்கள்.

அந்த வாரம்தான் என் வகுப்பு மாரீஸ்வரியின் அப்பா பொன்ராஜ் டி.சி. கேட்டு வந்தார். அவள் அம்மா சின்னத்தாய்க்கு, காய் பறிக்கும்போது சரிவில் வழுக்கி விழுந்ததில் முட்டி போய்விட்டது. இனிமேல் அவளால் தோட்ட வேலை செய்ய முடியாது. வேலை போனால் அவள் பேரில் தந்த லயத்து வீடும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை வீட்டைக் காலி செய்துவிட்டு, சங்கரன்கோயில் பக்கம் பெரியப்பா வீட்டுக்குப் போகிறார்களாம். அந்த ஊரை மாரீஸ்வரி கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

"பரிட்சை முடியட்டுமேண்ணே" என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"அதுவரைக்கும் எங்க தங்க டீச்சர்?" என்றார்.

எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம், ஆச்சரியமாக, கரண்டும் நெட்டும் சேர்ந்து வந்தன. திரையில் வேலந்தாவளத்துப் பிள்ளைகள் தலைக்கு எண்ணெய் வைத்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய வாத்தியார் பூபதிராஜா சார் வணக்கம் சொல்லிவிட்டு, செங்கோட்டையன் என்ற பையனை முன்னால் நிறுத்தினார். அவன் மாட்டுச்சந்தையைப் பற்றிப் பொரிந்து தள்ளினான்.

"வெலைய வாயில சொல்ல மாட்டாங்க. துண்டுக்குள்ள கைய உட்டு வெரலப் புடிப்பாங்க. பக்கத்துல நிக்கறவனுக்கு ஒண்ணுந் தெரியாது" என்றான். என் பிள்ளைகள் வாயைப் பிளந்துவிட்டார்கள்.

"நீங்கெல்லாம் எந்த ஊரு?" என்று கேட்டான்.

"சங்கரன்கோயில்!" என்றான் அஜய், மார்பை நிமிர்த்திக்கொண்டு. "போடி!" என்றாள் நிமி. அடுத்தவன் கோவில்பட்டி. எனக்கு வந்த ஆத்திரத்தில் அப்படியே எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து பூபதிராஜா சார் மரியாதையாகக் கேட்டார்.

"டீச்சருக்கு எந்த ஊருங்க?"

"நாசரேத்துப் பக்கங்க" என்றேன்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன், வேறு என்ன செய்ய? நாசரேத்தில் நான் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை.

அப்போது மாரீஸ்வரி எழுந்தாள்.

"எனக்கு சாந்தன்பாறை" என்றாள். "எங்க லயத்துக்குக் கீழ ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரு இருக்கு. உள்ள விறகு எரிச்சுக்கிட்டே இருப்பாங்க. மழக்காலத்துல பள்ளிக்கூடம் விட்டுப் போகையில அந்தச் செவத்துல முதுக வச்சு நிப்போம். சட்ட காஞ்சிரும். ராத்திரி படுத்தாலும் ஏலக்கா வாசம் வரும்."

செங்கோட்டையன் கேமராவுக்கு முகத்தை ஒட்டிக்கொண்டு வந்தான். "நாங்க வந்தா அந்தச் செவத்துல நிக்கலாமா?"

"நிக்கலாம்."

"அப்ப நீதான் கூட்டிட்டுப் போயிக் காட்டோணும்."

அவள் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பொன்ராஜ் கையில் நனைந்த குடையோடு அங்கே நின்றிருந்தார். எப்போது வந்தாரோ.

"வாங்க, காட்டுதேன்" என்றாள்.

எல்லோரும் போன பிறகு பொன்ராஜ் உள்ளே வந்தார். அவருக்கு முகமே சரியில்லை.

"ஞாயித்துக்கெழம போறோம்னு தெரியும்லா? பெறவு ஏன் அந்தப் பயல வரச்சொன்ன?"

"அவன் ஊரப் பாக்கத்தானப்பா வாரான். ஊரு இங்கதான இருக்கும்?" என்றாள். பிறகு என்னிடம் வந்தாள். "டீச்சர், அந்தச் செவர நீங்க காட்டிருங்க. மேக்கு மூலதான் நல்லாச் சுடும்."

தலையாட்டினேன். அவள் போகவில்லை.

"அங்க போனப்பெறவு எந்த ஊருன்னு கேட்டா, என்ன டீச்சர் சொல்லணும்?"

ஒரு வாரமாகத் தொண்டை கிழியச் சொல்லிக்கொடுத்தவள் நான். பதிலைப் பொன்ராஜ்தான் சொன்னார். பொழுதன்னைக்கும் சங்கரன்கோயில் சங்கரன்கோயில் என்று பெருமை பேசுகிற மனுஷன் அவர்.

"சாந்தன்பாறைன்னே சொல்லு தாயி."

சொல்லிவிட்டு மழையில் இறங்கி நின்றுகொண்டார். குடையை விரிக்கவே இல்லை. நான் டி.சி. எடுக்க ஆபீஸ் ரூமுக்கு நடந்தேன்.