முன்னால் அடுக்கிய பெட்டிகள்

மருத்துவமனைக்கு நான் தர வேண்டியிருந்தது ஆறாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய். என் மனைவிக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்ததில், கட்டியது போக மிச்சம். மிஷன் ஆஸ்பத்திரி என்பதால் யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை. அதுதான் என்னை உறுத்தியது.

மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டரிடம் போய் நின்றேன்.

"காசில்ல சிஸ்டர். உடம்பு இருக்கு. லாரியில பாரம் ஏத்தி இறக்குற ஆளு நான்."

"ஞாயித்துக்கிழமை சும்மா உதவி செய்ய நிறைய பேர் வர்றாங்க அண்ணே. நீங்களும் வாங்க. கடனைத் தள்ளுபடி பண்ணச் சொல்றேன்."

"தள்ளுபடி வேணாம். நாளுக்கு முந்நூறுன்னு கழிச்சிக்குங்க."

வீட்டில் மனைவி சிரித்தாள். "விடுறேன்னு சொன்ன கடனைக் கட்டியே தீருவேன்னு அடம்பிடிக்கிற ஆளை இப்பதான் பாக்குறேன். வெட்டுப்பட்டது என் வயிறு. வீராப்பு உங்களுக்கா?"

கிடங்கில் ஒரே ஜன்னல். அதையும் பெட்டிகள் மறைத்திருந்தன. கையுறைக்கு அடியில் மாத்திரை, கையுறைக்கு மேல் உடைந்த சக்கர நாற்காலி. கனமானதைக் கீழே, லேசானதை மேலே என்று பிரித்தேன். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகியவன் நான். பெட்டியின் பேரைப் படித்து, எழுத்து வெளியே தெரியும்படி அடுக்கினேன். ஒரு கட்டுத்துணிக்காகக் கிடங்கையே கிளறிய நர்சுகள், வந்த கையோடு எடுத்துப் போனார்கள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

சில மாதம் கழித்து சிஸ்டர் கூப்பிட்டார். பின்வரிசையில் ஒரு பெட்டி குளுக்கோஸ் பாட்டில், தேதி முடிந்து கிடந்தது.

லாரியில் கடைசியாக ஏற்றுவதுதான் முதலில் இறங்கும். அந்தப் பழக்கத்தில், புதிதாக வந்ததையெல்லாம் முன்னால் வைத்திருக்கிறேன். பழையது பின்னாலேயே நின்றுவிட்டது. லாரியில் எதுவும் மாதக்கணக்கில் நிற்காதே!

"போகட்டும் அண்ணே, பரவாயில்ல" என்றார் மெதுவாக. என் மேஸ்திரியாக இருந்தால் பரம்பரையையே இழுத்திருப்பார்.

"பெட்டி என்ன விலை சிஸ்டர்?"

"அறுநூறு."

"கடன்ல சேத்துக்குங்க."

"உதவிக்கு வந்தவங்ககிட்ட யாராவது காசு கேப்பாங்களா?"

"உதவிக்கு வந்தவன்னாதான் திட்ட முடியாது. நான் வேலைக்கு வந்தவன். திட்டுங்க."

சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கண்ணை எங்க வச்சிருந்தீங்க? நான் பாக்காம விட்டிருந்தா இது யார் உடம்புல ஏறியிருக்கும்? கட்டில்ல கிடக்கிறவளும் ஒருத்தன் பொண்டாட்டிதானே?"

காது சுட்டது. மனசு லேசானது. அன்றே எல்லாவற்றையும் வெளியே இறக்கி, ஒவ்வொரு தேதியையும் வாய்விட்டுப் படித்து, சீக்கிரம் முடிவதை முன்னால் வைத்து அடுக்கினேன். அறுநூறும் கணக்கில் ஏறியது.

கடைசி ஞாயிறன்று பாக்கி நாற்பது ரூபாய். சட்டைப்பையிலிருந்து எடுத்தேன். அதற்குள் சிஸ்டர் தன் பையிலிருந்து நாற்பது ரூபாயை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"என்ன சிஸ்டர் இது?"

"தேதி பாத்து அடுக்கணும்னு முதல் நாளே நான் சொல்லியிருக்கணும். சொல்லல. இது என் பங்கு."

தள்ளுபடி என்றால் மறுத்திருப்பேன். தப்பில் பங்கு கேட்பவரிடம் எப்படி மறுப்பது? என் நோட்டுகளை மடித்து உள்ளே வைத்தேன்.

சிஸ்டர் நீட்டிய ரசீதை எழுத்துக் கூட்டிப் படித்தேன். பாக்கி இல்லை.