தொட்டிக்குள் போனவர்

அனுமந்தன்பட்டியைத் தாண்டி, தென்னந்தோப்பை அழித்துக் கட்டிய கல்யாண மண்டபம் அது. வெளிச்சுவரெல்லாம் முடிந்து, தரைக்கடியில் இருந்த தண்ணீர்த் தொட்டி மட்டும் பாக்கி. உள்ளே எபாக்சி பெயிண்ட் அடிக்க வேண்டும். பாண்டியராஜனும் அவன் மனைவி முத்துப்பேச்சியும் சேர்ந்தே வேலைக்குப் போகிறவர்கள். அவள் சுரண்டி, பட்டி பார்த்து, கலவை கலந்து கொடுப்பாள், அவன் அடிப்பான். அன்று அவன் தம்பி சுந்தர்ராஜும் வாசல் கேட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்திருந்தான்.

தொட்டிக்குள் இருக்கும் காற்றை வெளியே இழுக்க ஃபேன் அனுப்புவதாகக் காண்ட்ராக்டர் சொல்லியிருந்தார். வரவில்லை. போனில் கேட்டதற்கு, முகூர்த்தம் நெருங்குகிறது, ஒரு கை அடிப்பதற்குள் என்ன ஆகிவிடும் என்றார். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று முத்துப்பேச்சி தடுத்துப் பார்த்தாள். பாண்டியராஜன் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கிவிட்டான்.

அவள் மேலே குத்தவைத்து, வாளியைக் கயிற்றில் இறக்கிக் கொடுத்தாள். தின்னர் நெடி அங்கேயே கண்ணைக் கரித்தது. நினைவோடு இருக்கிறானா என்று மேலே தெரிய, பேசிக்கொண்டே அடிக்க வேண்டும் என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தாள். மகளுக்குக் கம்பம் டவுனில் சைக்கிள் பார்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு நாக்குக் குழறியது. காரணமில்லாமல் சிரித்தான். ஏறி வரச் சொல்லிக் கத்தினாள். ரோலர் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அவன் விழுந்த சத்தம்.

சுந்தர்ராஜ் ஓடி வந்து ஏணியில் கால் வைத்தான். முத்துப்பேச்சி அவன் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். முன்பு ஒரு குளியலறை வேலையில் அவளே இப்படி மயங்கியிருக்கிறாள். தலை சுற்றுவது தெரிவதற்குள் கால் செத்துவிடும்.

"எறங்காதீக தம்பி. உள்ள காத்து இல்ல."

"விடுங்க மதினி, எங்க அண்ணன் கெடக்கான்."

முழங்கையால் அவள் வாயில் இடித்தான். உதடு கிழிந்தது. அவள் பிடியை விடவில்லை. இருவரும் மண்ணில் உருண்டார்கள். எதிர்க் கடைக்காரர்கள் வந்து அவனை அமுக்கிக்கொண்ட பிறகுதான் கையை எடுத்தாள். கடைக்காரர்கள் போன் செய்து வரவழைத்த தீயணைப்பு வண்டிக்காரர்கள் முகமூடி மாட்டி இறங்கினார்கள். தூக்கி வந்தபோது பாண்டியராஜனுக்கு மூச்சில்லை. கன்னத்தில் பெயிண்ட் காயாமல் ஈரமாக இருந்தது.

இழவு வீட்டில் மாமியார் கஸ்தூரியம்மாள் அவளைத் தன் பக்கத்தில் உட்கார விடவில்லை. உடனே ஒரு கை பிடித்துத் தூக்கியிருந்தால் மகன் பிழைத்திருப்பான், இவள்தான் வழியை மறித்தாள் என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லி அழுதாள். சுந்தர்ராஜ் மறுத்துப் பேசவில்லை.

காரியம் முடிந்து, குமுளிப் பக்கம் வேலைக்குக் கிளம்பும்போது அவன் வாசலோடு நின்றான்.

"நீங்க விட்டிருக்கணும் மதினி."

"விட்டிருந்தா ரெண்டு பேரையும் தூக்கிட்டு வந்திருப்பாக" என்றாள்.

அவன் தலை நிமிராமல் போய்விட்டான். அதன் பிறகு இந்தப் பக்கம் வரவே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம், சுந்தர்ராஜின் மனைவி மாரீஸ்வரி கொல்லைப்புற வழியாக வந்தாள். கைக்குழந்தையை முத்துப்பேச்சியின் மடியில் கிடத்தினாள். வெகுநேரம் அவள் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எழுந்தபோது, "நான் வந்தது அத்தைக்குத் தெரிய வேணாம்க்கா, அவுகளுக்கும்" என்றாள்.

முத்துப்பேச்சி தலையாட்டினாள். குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான், செத்தவனுக்காக முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.