ஸ்வெட்டருக்குள் இரண்டு கிலோ

மலேசியாவில், குளுவாங் ஊர்க் கிளினிக் நாற்காலியில் யோகேஸ்வரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாசார்ச் சந்தையில் தன் காய்கறிக் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். நம்பரோ நகர்வேனா என்றது.

மூன்று வாரத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கிற பி.எம்.ஐ., பத்து வயது மகள் ரூபினிக்குப் பதினாறரை. கைப்பேசியைத் தட்டினால், பதினெட்டரைக்குக் கீழே போனால் எடைக்குறைவு என்றது. ஊருக்கெல்லாம் நிறுத்துப் போடுகிறவள் வீட்டிலேயே நிறை குறைவா!

"நாலு கிலோ ஏத்து. அதுவரைக்கும் ஓட்டப் போட்டி கிடையாது."

"போட்டிக்கு மூணு வாரந்தாம்மா இருக்கு! ரெண்டு கிலோ."

"மூணு. அதுக்கு மேல பேசாத."

பேரம் படிந்தது. அன்றிலிருந்து வேளைக்கு ஒரு முட்டை, நெய், இனிப்பான மைலோ பானம். சனிக்கிழமை போட்டி. அதனால்தான் இன்றைக்குக் கிளினிக். தன் கடைத் தராசை மகள் விஷயத்தில் அவளே நம்பத் தயாரில்லை.

ஒருவழியாக நம்பர் வந்தது. நர்ஸ் மிஸ்ஸி பிரேமலா ரூபினியை எடை இயந்திரத்தில் ஏற்றினாள். முப்பத்தொன்றரை இருந்தவள் முப்பத்து நாலரை.

பேசிய மூன்று கிலோ, ஒரு பொட்டுக்கூடப் பிசகவில்லை. அப்படி நிற்கிற எடையை யோகேஸ்வரி ஜென்மத்தில் நம்பியதில்லை. போதாததற்கு, கொளுத்துகிற வெயிலில் ஸ்வெட்டர்.

"கழட்டுடி."

"குளுருதும்மா."

"கழட்டுன்னா!"

ஸ்வெட்டரின் இரண்டு பைகளிலிருந்தும் ஒவ்வொரு கிலோ இரும்புப் படிக்கல் வந்தது. அவள் கடைத் தராசின் பழைய கற்கள்தான்.

"அலமாக்!" மிஸ்ஸிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ரூபினிக்குக் கண் கலங்கியது. "நானும் எவ்ளோதான் சாப்பிடறது? ஒரு கிலோதான் ஏறுச்சு."

யோகேஸ்வரி கூனிக்குறுகிப்போனாள். "இப்ப எவ்ளோ மிஸ்ஸி? பதினெட்டர வருதா?"

"பதினேழு. பதினெட்டர பெரியவங்க கணக்குக்கா. புள்ளைங்களுக்கு வயசு என்ன, ஆணா பொண்ணான்னு பாத்து இந்தப் படத்துல புள்ளி வைப்போம்." மிஸ்ஸி வைத்த புள்ளி நடுக்கோட்டை ஒட்டி உட்கார்ந்தது. "பாருங்க. பதினாறரையும் நல்ல எடதான். பிஞ்சு வெண்டிக்காய முத்துன காயோட வச்சா பாப்பீங்க?"

"அப்போ இவ ஓடலாமா?"

"தாராளமா ஓடட்டும் லா. புள்ளி இந்தக் கோட்ட ஒட்டியே போகுதான்னு அடுத்தடுத்து பாத்துக்கலாம். மைலோவ மட்டும் கொறைங்க."

வெளியே வந்ததும் படிக்கற்களைத் தன் பையில் போட்டுக்கொண்டாள் யோகேஸ்வரி.

"என் கல்ல வச்சே என்ன ஏமாத்தப் பாத்தியா?"

ரூபினி ஸ்வெட்டரைச் சுருட்டி இடுப்பில் கட்டிக்கொண்டாள்.

"சரி, சனிக்கிழம எத்தன மணிக்குடி ஓட்டம்? கடைய அடைக்கணும்ல."