ஒன்பதாம் அறையின் இருட்டு

பூங்கொத்தின் சிற்றிலைகளை இடுக்கியால் விலக்கியபோது உள்ளே மஞ்சளாக ஏதோ தெரிந்தது. அரிசி அளவுகூட இல்லை, குட்டி வாழைப்பழம்போல வளைந்திருந்தது. நெட்டா ஃப்ரீசன் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்துச் செடியில் இரண்டு. அதற்கடுத்ததில் ஐந்து, அதில் ஒன்று ஏற்கெனவே வெடித்து மகரந்தம் கொட்டியிருந்தது. பெண் செடிகள் மட்டுமே இருக்கவேண்டிய ஒன்பதாம் அறையில் ஆண் பூ. இனி மின்விசிறிக் காற்று அந்தத் தூளை எல்லாச் செடிக்கும் கொண்டுபோகும். எல்லாப் பூவிலும் விதை பிடிக்கும். கஞ்சா வளர்ப்பது சட்டப்படியான தொழிலாக இருக்கும் கனடாவின் லெமிங்டனில்கூட, விதை பிடித்த கஞ்சாவை யாரும் வாங்கமாட்டார்கள்.

அந்த அறையின் விளக்குகளுக்காக அவள் இரண்டு வருடம் மல்லுக்கட்டியிருந்தாள். வழக்கமான விளக்கைவிட நீலம் கூடுதல், சிவப்பு குறைவு. செடி நெட்டையாக ஓடாமல் குட்டையாக நின்று இறுகப் பூக்கும் என்று சொல்லிச் சொல்லி, மேலாளர் டரில் பெல்லமியிடம் ஓர் அறைக்கு மட்டும் அனுமதி வாங்கினாள். ஐந்து வாரமாக அப்படித்தான் பூத்துக்கொண்டும் இருந்தது.

டரில் வந்து பார்த்ததும் அவளைத்தான் கேட்டார்.

"பக்கத்து ரூம்ல வெள்ளி மருந்து அடிச்சது யாரு?"

"நான்தான். விதைக்காக."

"அப்புறம் என்ன? அது இங்க வந்திருக்கு."

அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. செடிக்குள் ஊறும் எத்திலீன் என்ற வாயுதான் பெண் பூவைப் பெண் பூவாக வைத்திருக்கிறது. வெள்ளி உப்பு கரைத்த அந்த மருந்து அதன் வாயை அடைத்துவிட்டால் பெண் செடியே ஆண் பூ விடும். அந்த மகரந்தத்தில் பிறக்கும் விதையெல்லாம் பெண்ணாக இருக்கும் என்பதால்தான் அவள் அதை அடிப்பது. ஆனால் மருந்து கசிந்திருந்தால் இரண்டு அறைக்கும் நடுவிலுள்ள கதவருகேதானே முதலில் தெரிய வேண்டும்? நெட்டா ஒவ்வொரு செடியாகப் பார்த்து, ஆண் பூ விட்டதற்கெல்லாம் அடையாளச் சீட்டுக் கட்டினாள். சீட்டுகள் எல்லாம் எதிர்மூலையில், ஏழாவது வரிசையின் கடைசித் தூணைச் சுற்றி நின்றன. அங்கே பூவின் நுனியிலிருந்து புது இலைகளும் கிளம்பியிருந்தன. பூப்பதா வளர்வதா என்று செடி குழம்பினால்தான் அப்படி வரும்.

"வெள்ளி மருந்துக்கு இலை திரும்ப வராது டரில். இருட்டு நேரத்துல யாரோ வெளிச்சம் காட்டியிருக்காங்க. பன்னெண்டு மணி நேரமும் ஒரே இருட்டா இருக்கணும். நடுவுல கொஞ்ச நேரம் வெளிச்சம் பட்டாலும் ராத்திரி முடிஞ்சிடுச்சுன்னு செடி நெனச்சுக்கும்."

"மாட்டிக்கிட்டா எல்லாரும் இப்படித்தான் ஒரு கதை வச்சிருப்பாங்க" என்றார் டரில்.

அந்த அறைக்குக் காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை இருட்டு. மறுநாள் ஒன்பதுக்கு விளக்குகள் அணைந்ததும் நெட்டா வெளியே போகாமல் தூணுக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். கூரையிலோ சுவரிலோ ஓட்டை இருந்தால் கண் பழகியதும் தெரிந்துவிடும். ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. எரிச்சலில் எழப்போனாள். அப்போது கதவு திறந்து மூடியது. யாரோ நெற்றியில் கட்டிய விளக்கோடு ஏழாவது வரிசையில் நடந்து வந்து, வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள். சின்ன இயந்திரம் ஒன்று சீராக இழுத்து விடும் சத்தம் கேட்டது.

"விளக்க அணை" என்றாள் நெட்டா.

விளக்கு சட்டென்று அணைந்தது. இயந்திரம் நிற்கவில்லை.

"நெட்டாவா? நான்தான், சுசானா."

இலை கிள்ளும் பகுதியில் புதிதாகச் சேர்ந்திருந்த சுசானா வீபே. பிள்ளைக்கு நான்கு மாதம்.

"இங்க வந்தா பால் எடுக்கற?"

"கால் மணி நேரம்தான். ஒரு நாளைக்கு ஒரு தடவை."

"விளக்கு கூடாதுன்னு கதவுல எழுதியிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா உனக்கு?"

"டரில்கிட்ட இடம் கேட்டேன். டாய்லெட்ல போய் எடுத்துக்கோன்னாரு. நீங்க டாய்லெட்ல உக்காந்து சாப்பிடுவீங்களா?" அவள் குரல் இறங்கியது. "இருட்டா இருந்தா யாரும் வர மாட்டாங்கன்னுதான் வந்தேன்."

கத்த வேண்டும்போல இருந்தது நெட்டாவுக்கு. இரண்டு வருடம். ஆனால் இருட்டில் உட்கார்ந்து யாரைப் பார்த்துக் கத்துவது? இயந்திரம் பாட்டுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. அது ஓய்ந்ததும் சுசானா பாட்டிலை மூடுவது கேட்டது.

"நானே போய்ச் சொல்லிடறேன்" என்றாள் சுசானா கடைசியில்.

"நீ இன்னும் நிரந்தரம் ஆகல. சும்மா இரு."

டரிலிடம் நெட்டா மட்டும் போனாள். "ஆள் உள்ள வந்திருக்காங்க. விளக்கோட. ஏன் வந்தாங்கன்னா, பால் எடுக்க ஒரு இடம் கேட்டு நீங்க குடுக்கல."

அது யாரென்று அவர் ஊகித்திருக்க வேண்டும். ஆனாலும் பேனாவைத் திறந்து, "பேரைச் சொல்லு, எழுதிக்கறேன்" என்றார்.

"பேர் எதுக்கு? இடம் ஏன் குடுக்கலன்னு எழுதுங்க."

"பேர் இல்லாம காரணம்னு ஒண்ண நான் எழுத முடியாது நெட்டா. காரணம் தெரியலன்னு போட்டா, புது விளக்கு மேலதான் பழி வரும். நல்லா யோசிச்சுக்கோ."

அவள் யோசித்தாள். அதற்குள் அவர் 'காரணம் தெரியவில்லை' என்று எழுதி முடித்திருந்தார்.

வெள்ளிக்கிழமை அறையைக் காலி செய்தார்கள். ஒரு பக்கம் ஏணி போட்டு விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம், செடிகளை வேரோடு பிடுங்கி அரைக்கும் இயந்திரத்தில் கொடுத்துக்கொண்டிருந்தாள் சுசானா. மூன்று மணி நேரமாக யாரும் அவளை மாற்றவில்லை. அவளுடைய மேலங்கியின் முன்பக்கத்தில் இரண்டு இடத்தில் ஈரம் படர்ந்திருந்தது. அதை மறைக்க ஒவ்வொரு செடியையும் மாரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நெட்டா போய் அவள் கையிலிருந்த செடியை வாங்கிக்கொண்டு தன் அலுவலறைச் சாவியைக் கொடுத்தாள்.

"கதவுக் கண்ணாடிய மறைச்சு அட்டை ஒட்டியிருக்கேன். உள்ள தாழ்ப்பாள் இருக்கு."

சுசானா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"போ. ஆறிடப்போகுது" என்றாள் நெட்டா. எது ஆறிவிடும் என்று அவளுக்கே தெரியவில்லை.

கையிலிருந்ததை இயந்திரத்துக்குள் தள்ளிவிட்டு, வரிசையில் அடுத்த செடியைப் பிடுங்கினாள். குட்டையாக, இறுகப் பூத்திருந்தது. தூக்கியதும் அதன் தலை கனம் தாங்காமல் அவள் தோளில் சாய்ந்தது.