குட்டிப் பொம்மையின் வாய்

டமார்!

பொம்மை கார் சுவரில் மோதிக் குப்புற விழுந்தது. டீச்சர் பதறி எழுந்துவிட்டாள்.

"உட்காருங்கம்மா. மோதட்டும்," என்றது அவள் காதுக்குள் ஒரு குரல்.

குழந்தைகள் மனநல ஆலோசகரின் குரல். பக்கத்து அறையில் மைக்கும் கையுமாக அவர் உட்கார்ந்திருந்தார். நடுவிலிருந்த கண்ணாடி வழியாக அங்கிருந்து இங்கே தெரியும். இங்கிருந்து அங்கே தெரியாது. அவர் பேசுவது டீச்சரின் காதிலிருந்த கருவிக்கு மட்டும் வரும்.

தரையில் டீச்சரின் நாலு வயது மகள். தெருவே 'வாயாடி' என்று செல்லமாகக் கூப்பிட்ட பெண். டீச்சர் ஓட்டிய கார் லாரியில் மோதிய நாளிலிருந்து அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு பேருக்கும் காயம் ஆறிவிட்டது. குரல் மட்டும் திரும்பவில்லை. 'அம்மா' என்ற ஒரு சொல்லுக்காகத்தான் டீச்சர் வாராவாரம் இங்கே தவம் கிடந்தாள்.

இங்கே கேள்வி கேட்கக் கூடாது, அதட்டக் கூடாது. குழந்தை செய்வதை அப்படியே வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். காலமெல்லாம் வகுப்பெடுத்த வாய்க்கு அது லேசில் வருமா?

"கண்ணு, இது என்ன கலர் காரு?"

"டீச்சரம்மா, இங்க பரீட்சை கிடையாது. ஸ்கூலுக்கு லீவு விட்டாச்சு."

டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"வாயாடி காரை நிமித்துறா. அம்மா பொம்மையை முன்னாடி உட்கார வைக்கிறா. குட்டிப் பொம்மை பின்னாடி."

குழந்தை அவளை ஏறிட்டுப் பார்த்தாள். கார் மறுபடி சுவரை நோக்கிப் பாய்ந்தது. பிடுங்கி எறிந்துவிடலாமா என்று டீச்சருக்குக் கை துறுதுறுத்தது.

ஆனால் கார் மோதவில்லை. சுவருக்கு ஒரு விரல் தள்ளி நின்றது. குழந்தையின் கட்டைவிரல் குட்டிப் பொம்மையின் வாயை அழுத்தி மூடியிருந்தது.

'என்னடி பண்ற?' தொண்டை வரை வந்ததை டீச்சர் விழுங்கினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், எத்தனையோ குழந்தைகளைப் பார்த்த ஆலோசகர், மைக்கை மறந்து எழுந்து நின்றிருந்தார்.

"வாயாடி... குட்டிப் பொம்மையோட வாயை மூடியிருக்கா. கார் மோதல."

குழந்தை தவழ்ந்து வந்து மடியில் ஏறினாள். அம்மாவின் காதோரம் வாயை வைத்தாள். மூச்சுக்காற்றைப் போல அந்தக் குரல் வந்தது.

"அன்னிக்கு நான் கத்தினேன், கார் மோதிருச்சு. அதான் வாயே தொறக்கல... உனக்கு மறுபடி அடிபடக் கூடாதும்மா."